பச்சைக் கோட்டுப் பையன்

"இனிமே இந்தப் பொம்பளையோட புத்தகம் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது." எல்ஸ்பெத்தின் அம்மா மொய்ரா அலமாரியிலிருந்து ஹெஸ்டர் லோரிமரின் நாவல்களை அள்ளி அட்டைப்பெட்டிக்குள் எறிந்தாள்.

எல்ஸ்பெத் தடுக்கவில்லை. அவள் பையனாக வளர்ந்து, பள்ளியில் அடிவாங்கி வந்த காலத்தில் அம்மா வாசித்துக் காட்டிய தீவுக் கதைகள் அவை. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினாள்.

எடின்பரோ நகரமே தலையில் தூக்கி வைத்திருந்த அந்த எழுத்தாளர், இப்போது திருநங்கைகள் பெண்களே இல்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டிருந்தார். திருநங்கையான எல்ஸ்பெத் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்த கட்டுரையைத்தான் தாங்க முடியவில்லை.

அத்தையின் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் மெல்ல ஆடிய ஒரு சிறுவனைப் பற்றி லோரிமர் எழுதியிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது அவனுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் மனதை யாரோ கெடுத்துவிட்டார்கள், இன்று அவன் தொலைந்துபோன பிள்ளை என்று கட்டுரை முடிந்தது.

பெயர் இல்லை. ஆனால் அந்தக் கோட்டு எல்ஸ்பெத் போட்டது.

அதை அவள் வாய்திறந்து சொன்னது ஒரே ஆளிடம்: கூட வாழ்ந்த கேலமிடம். அவன் வேலை பார்த்ததும் அதே பத்திரிகையில்தான்.

"சத்தியமா நான் சொல்லலை எல்ஸ்பெத்."

"வேற யாருக்குத் தெரியும், சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா நான் இல்ல."

"எவ்வளவுக்கு வித்த?"

அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அந்த வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் அன்று மாலையே எல்ஸ்பெத் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மொய்ரா அவளைக் கட்டிக்கொண்டு, மகளைவிட அதிகமாக அழுதாள்.

வாரக் கடைசியில் ஊரில் புத்தக விழா. லோரிமர் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட வருகிறார் என்று தெரிந்ததும் எல்ஸ்பெத் மழைக்கோட்டை எடுத்தாள்.

"நேரா அவங்ககிட்டயே கேக்கப் போறேன்மா. அவன் பேரை அவங்க வாயால சொல்லட்டும்."

"வேண்டாம்டி." மொய்ராவின் முகம் வெளுத்தது. "அவ முகத்துல போய் முழிக்கணுமா? நீ தாங்க மாட்ட."

"இதுக்கு மேல தாங்குறதுக்கு என்ன இருக்கு?"

விழாக் கூடாரத்துக்கு வெளியே, தூறலில், லோரிமரை ஆதரித்தும் எதிர்த்தும் இரண்டு கூட்டங்கள் பதாகைகளோடு ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. எல்ஸ்பெத் இரண்டையும் தாண்டி உள்ளே போய் வரிசையில் நின்றாள்.

லோரிமர் அவள் நினைத்ததைவிடச் சின்ன உருவம். களைத்த கண்கள். எல்ஸ்பெத்தை ஏறிட்டுப் பார்த்து, பேனாவைத் திறந்தார்.

"யார் பேருக்கும்மா?"

"கையெழுத்து வேண்டாம். அந்தப் பச்சைக் கோட்டு விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

லோரிமர் பேனாவை மூடினார். "அதைச் சொல்ல முடியாது. என்னை நம்பிச் சொன்னவங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

"காசு குடுத்தீங்களா?"

"காசா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்கம்மா."

எல்ஸ்பெத் திகைத்தாள். தன் அப்பா செத்தபோதுகூட அழாதவன் கேலம்.

பின்னால் வரிசை கலைந்தது. யாரோ ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நனைந்த தலையோடு, மூச்சு வாங்க, மொய்ரா வந்து மகளின் கையைப் பற்றினாள்.

"வா, போயிடலாம். ஒரு வார்த்தை பேசாத, வந்துடு."

"விடும்மா, நான் கேட்டுட்டுத்தான் வருவேன்."

மொய்ரா தலையைக் குனிந்தபடி கையை இழுத்தாள். அதற்குள் லோரிமர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தார். பழகியவரைக் கண்ட மலர்ச்சி அவர் முகத்தில்.

"வாங்க மொய்ரா, பையன் இப்ப எப்படி இருக்கான்?"