காது மெஷின்

வெளியிலிருந்து சத்தம் வரக்கூடாதென்று அரங்கத்தின் கதவுகளைச் சாத்தித் தாழிட்டார்கள். தணிகைவேல் எழுதும் நகைச்சுவைத் தொடரின் படப்பிடிப்பு அது. அதில் வரும் கணவன் ஓர் அயோக்கியன், அதனாலேயே ஊருக்கெல்லாம் அவனைப் பிடித்திருந்தது. பார்வையாளர் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரிக்கத் தணிகைவேலின் மனைவி பிரமீளாவும் வந்திருந்தாள். இந்த வாரம் அந்த அயோக்கியன் மனைவியின் காது மெஷினை ஒளித்துவைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான். ஒன்றும் கேட்காத அவள் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டியபடி மெஷினைத் தேடினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரமீளாவின் கை தன் காது மெஷினுக்குப் போனது.

"கட்! மூணாவது வரிசைல அந்த மேடம் மட்டும் சிரிக்கல, கேமராவுல தெரியுது. இன்னொரு தடவ போலாம்" என்றார் இயக்குநர்.

பக்கத்து இருக்கைப் பெண், "சிரிங்கக்கா, சும்மா காமெடிதானே" என்றாள்.

நடிகை மறுபடி அரிசி டப்பாவைத் துழாவினாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். பிரமீளாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அங்கல்லாம் இருக்காதும்மா. ஃபிரிட்ஜுல முட்டை வைக்கிற தட்டுல பாரு."

அரங்கமே அதிர்ந்தது. நடிகைகூடச் சிரித்துவிட்டாள். "சூப்பர், இதையும் வச்சுக்கலாம்!" என்று இயக்குநர் கத்தினார். கேமராவுக்குப் பின்னால் நின்ற தணிகைவேல் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தபடி, ஒரு விரலால் தன் காதை மெல்லத் தட்டிக் காட்டினான்.