பாஞ்சாலைக்குக் கல்யாணம்

“கல்யாணமாம், கல்யாணம்! பதினேழு வயசுப் பொண்ணுக்கு இப்ப என்ன கல்யாணம் வேண்டிக்கிடக்கு?”

பீங்கான் தொழிலாளர் குடியிருப்பின் நடுத்தெருவில் ஆனந்தவல்லி டீச்சர் போட்ட சத்தத்தில், குழாயடியில் நின்ற பெண்கள் குடம் நிரம்பி வழிவதையும் மறந்து திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலேயே குடையை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார் அவள் புருஷன் குஞ்சிதபாதம். குடியிருப்பு நாட்டியக் குழுவுக்கு அவள் தலைவி, அவர் செயலாளர். மிருதங்கமும் அவர்தான். மற்றபடி அவர் சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

இன்னும் எட்டே நாளில் கடலூரில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் மெட்ராஸ். ‘களிமண் பிசையறவன், சூளையில வேகறவன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு எதுக்குப் பரதம்?’ என்று சிரித்த விருத்தாசலம் ஊர்க்காரர்களின் முகத்தில் கரியைப் பூச, அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள் ஆனந்தவல்லி.

நாட்டிய நாடகத்தில் நாயகி பாஞ்சாலை. அவள் இல்லாவிட்டால் நாடகமே இல்லை. இன்று பார்த்து அவளுடைய சலங்கை ஒரு மஞ்சள் பையில் திரும்பி வந்திருக்கிறது. கூடவே அவள் அத்தை காசியம்மாள் சொல்லி அனுப்பிய சேதி: “வர்ற மாசம் பாஞ்சாலைக்கும் எம்மவனுக்கும் கல்யாணம். இனிமே ஆட அனுப்ப முடியாது.”

“ஆனந்தி, கொஞ்சம் நில்லேன்,” என்றார் குஞ்சிதபாதம் மூச்சு வாங்க. “இது கார்த்திகை. வர்ற மாசம்னா மார்கழியாச்சே…”

“எந்த மாசமா இருந்தா எனக்கென்ன? நீங்க பேசாம வாங்க!”

காசியம்மாள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, முழங்கை வரை அப்பியிருந்த வெள்ளை மண்ணை வாசலில் கழுவிக்கொண்டிருந்தாள். தாயில்லாத பாஞ்சாலையை எட்டு வயசிலிருந்து வளர்த்தவள். போன மாசி மகத்தில் அந்தப் பெண் ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டியவளும் இவள்தான். அப்படிப்பட்டவளா இப்படி என்று நினைக்க நினைக்க ஆனந்தவல்லிக்கு வயிறெரிந்தது.

“வாங்க டீச்சரம்மா. உக்காருங்க.”

“உட்கார வரலை. உன் மகனுக்குச் சோறாக்கிப் போட இந்த ஜில்லாவுல வேற பொண்ணே கிடைக்கலையா?”

காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “அத்த மவன்தானுங்களே. எங்க வழக்கம்…”

“வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! அவளை ஆளாக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? காய்ச்சல்னு சுருண்டு கிடந்தவளை எழுப்பி ஆட வச்சேன். பரீட்சைன்னு அழுதா, புத்தகத்தைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினேன். எஸ்.எஸ்.எல்.சி. போனா அடுத்த வருஷம் எழுதிக்கலாம், இந்தக் கால் அடுத்த வருஷம் இப்படி இருக்குமா? பெத்த தாய் செய்வாளா இதையெல்லாம்?”

“செய்ய மாட்டாங்கதான்,” என்றாள் காசியம்மாள் மெதுவாக.

“தெரியுதில்ல? தெரிஞ்சுமா இப்படிப் பண்ணினே? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் பொம்பளைப் பிள்ளைங்க அடுப்படியிலேயே வெந்து சாகுதுங்க!”

இதற்குள் குழாயடிக் கூட்டம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. “அதான, பாவம் அந்தப் பொண்ணு” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். காசியம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. வாயில்லாதவள் இல்லை அவள். கம்பெனியில் சூப்பர்வைசரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். இன்றைக்கு என்னவோ குனிந்த தலை நிமிரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தப்பெல்லாம் எம்மேலயே இருக்கட்டுங்க. பொண்ண மட்டும் வுட்டுடுங்க.”

“எப்படி விடுவேன்? அவ ஆடணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாரு?” ஆனந்தவல்லி ஒரு அடி முன்னால் வந்தாள். “அந்தப் பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு என்னிக்காவது ஒரு வார்த்தை அவகிட்ட கேட்டியா?”

குஞ்சிதபாதம் அவள் கையைத் தொட்டார். உதறிவிட்டாள்.

உள்ளேயிருந்து பாஞ்சாலை வந்தாள். அழுது அழுது கண்ணிமை வீங்கியிருந்தது. நேரே அத்தையின் பக்கத்தில் போய் நின்று, மண் போகாத அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தைய ஏசாதீங்க டீச்சர்.”

ஆனந்தவல்லிக்கு நெஞ்சு உருகிவிட்டது. இவ்வளவு அநியாயம் நடந்தும் வளர்த்தவளை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாளே இந்தக் குழந்தை! கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

“நீ பயப்படாதேம்மா. உனக்கு நான் இருக்கேன். ஆட வேணாம்னு சொன்னது இவளா, இவ மகனா? பேரை மட்டும் சொல்லு, மீதியை நான் பார்த்துக்கறேன்.”

பாஞ்சாலை அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

“நாந்தான் டீச்சர். கல்யாணம்னு சொன்னாத்தான் நீங்க வுடுவீங்கன்னு, அத்தைய பொய் சொல்லச் சொன்னதும் நாந்தான்.”