அசையாத ஊசி

“கொஞ்சமாவது அக்கற வேணாம்? எங்கம்மா சீரா குடுத்த மெஷினு. கல்லாட்டம் பண்ணிவச்சிட்டா!”

வாசற்படியில் நின்று செங்கம்மா கத்தினாள். பேச்செல்லாம் உள்ளே இருந்த மருமகள் ஹரிதாவுக்கு. ஆனால் முற்றத்து வெயிலில், சாக்கின்மேல் அந்தக் கறுப்புத் தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தங்கவேலுவுக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் தைத்தது.

ஏனென்றால் மெஷினைக் கெடுத்தவர் அவர்தான்.

மார்கழியில் ஒரு மத்தியானம், பெண்கள் இருவரும் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் கீச்சுக் கீச்சென்கிறதே என்று, தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை எடுத்து, ஓட்டை கண்ட இடமெல்லாம் ஊற்றினார் தங்கவேலு. பம்புசெட்டையே பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்ற நினைப்பு.

பொங்கல் கழிந்து செங்கம்மா ரவிக்கை தைக்க உட்கார்ந்தால், சக்கரம் இம்மியும் நகரவில்லை. எண்ணெய் பிசினாகி, உள்ளே இருந்த அத்தனையையும் ஒட்டிப் பிடித்திருந்தது.

“எவங்க இதுல தேங்காண்ண ஊத்தனது?” என்று அவள் கேட்டபோது தங்கவேலு வாயைத் திறக்கவில்லை. கடைசியாக அதில் தைத்தவள் ஹரிதா. செங்கம்மாவின் பார்வை அவள் பக்கம் திரும்பியது.

“நான்தான் அத்த. தெரியாம ஊத்திட்டேன்” என்றாள் ஹரிதா.

தங்கவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்யாத தப்பைப் பயந்துபோய் ஒப்புக்கொள்கிறாளே இந்தப் பெண்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. மோட்டார் எரிந்தால் கரண்டுக்காரன் மேல் பழி, மாங்காய் அழுகினால் வியாபாரி மேல் பழி. தன் தப்பு என்று ஒன்றை அவர் வாய் சொல்லி நாகலாபுரத்தில் யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது. ஒருத்தி வாசலில் இருந்தால் இன்னொருத்தி சமையற்கட்டில். சாயங்காலம் பூக்காரி வந்தால் வாங்குகிற கனகாம்பரத்தில் பாதி செங்கம்மாவின் கொண்டையில் இருந்தது, மீதி ஹரிதாவின் பின்னலில். தங்கவேலுதான் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

இன்று காலை மகன் தருண் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குக் கிளம்பியதும், ஹரிதா அவரிடம் வந்து நின்றாள்.

“சத்தியவேட்டுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன் மாமா.”

‘எப்பம்மா வருவே?’ என்று கேட்காமல், பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார் தங்கவேலு. பஸ் வருவதற்குள் மெஷினை ஓட வைத்துவிட்டால் செங்கம்மாவின் கோபம் தணியும், இவளும் போக மாட்டாள், தானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று மனசு வழி சொன்னது. அதற்காகத்தான் மெஷினை மேசையிலிருந்து கழற்றி வெயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்.

எப்படியாவது சரிபண்ணிவிடலாம் என்று நேற்றே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். குச்சியில் துணி சுற்றித் துடைக்கத் துடைக்க, பழுப்புப் பிசின் திரண்டு வந்தது. கூடவே சிக்கெண்ணெய் நாற்றம். தன் குற்றமே மூக்கில் ஏறுவது போலிருந்தது அவருக்கு.

“சுத்தியால ரெண்டு போடு போடேன்யா” என்றாள் செங்கம்மா.

“போட்டா ஒடஞ்சிபூடும். வார்ப்பிரும்பு. கொஞ்சங் கொஞ்சமாத்தான் எளக்கணும்.”

சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்குமாக அசைத்தார். நகரவில்லை. இன்னும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார், வெயிலுக்குத் திருப்பி வைத்தார், மறுபடி அசைத்தார். மயிரிழை அசைந்தது. பிறகு விரலளவு. ‘களுக்’கென்று ஒரு சத்தம். ஊசித்தண்டு கீழே இறங்கி, மேலே ஏறியது. சக்கரம் முழுச் சுற்று சுற்றியது.

“அட, ஓடுதே!” என்று செங்கம்மா படியிறங்கி ஓடிவந்தாள்.

அதே நேரம் ஹரிதா தோளில் பையுடன் வெளியே வந்தாள். “பஸ்ஸுக்கு டயமாச்சி. வரேன் மாமா.”

செங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போவட்டும். எந்த எண்ண எதுக்குன்னு தெரியாதவளுக்கு மெஷினு எதுக்கு?”

தங்கவேலு குனிந்த தலை நிமிரவில்லை. மெஷின் ஓடிவிட்டது. இனி யார் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் இதோடு முடிந்துவிடும்.

ஹரிதா தெருக்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். திறந்தவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ குறையோ எதுவும் இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

“நில்லும்மா!”

எழுந்த வேகத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம் உருண்டது. பிசின் ஒட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“எண்ண ஊத்தனது நீ இல்ல, நான்தான். எல்லாந் தெரிஞ்சும் வாய மூடிக்கினு உன்னத் திட்டு வாங்க வுட்டேன். தப்பு என்னுதும்மா. நீ போவாத.”

வானம் இடிகிற மாதிரி செங்கம்மா கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார் தங்கவேலு. அவளோ அவரை மேலும் கீழும், புது மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நம்ம பந்தயத்துல நீதாண்டி கெலிச்சே... நீ சொன்ன மாதிரியே தானா ஒத்துக்கினாரே மனுசன்!”