ப்ரொஜெக்டர் குடுத்த பயிற்சி

ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஒரு லேப்டாப்ப, முதல் வருஷ கால்குலேட்டருங்களுக்கு புரோகிராமிங் சொல்லிக்குடுன்னு அனுப்புனாங்க. அதுக்கும், கூட வந்த மத்த லேப்டாப்புங்களுக்கும் பயிற்சி குடுத்தது ஒரு பழைய ப்ரொஜெக்டர்.

"இந்த ஸ்லைட அப்படியே காட்டு. அவ்ளோதான் பாடம்."

"அண்ணே, இதுல இருக்குற புரோகிராம் ஓடாதுண்ணே."

"பன்னெண்டு வருஷமா காட்டுறேன், ஒருத்தனும் கேக்கல."

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குடா ஓட்டணும்? நான் வாத்தியாருங்களுக்கே வாத்தியாரு."

லேப்டாப்புக்கு அடிவயிறு கொதிச்சு ஃபேன் கத்துச்சு. நாளைக்கு அறுபது பிள்ளைங்க இந்தத் தப்ப ரெக்கார்டு நோட்டுல அழகா எழுதிட்டு, ஓடலன்னா தன்னத்தானே மக்குன்னு நெனச்சுக்கும். வெடுக்குன்னு தன் வயர ப்ரொஜெக்டர்ல சொருகி, அந்த புரோகிராம ஓட்டுச்சு.

செவுரு முழுக்கச் செவப்பா எரர் விழுந்துச்சு.

"அணைடா, பயிற்சிக்கு வந்த மத்த லேப்டாப்புங்க எல்லாம் பாக்குது"ன்னு ப்ரொஜெக்டர் கெஞ்சுச்சு.

"காட்டுறதுதானண்ணே உங்க வேல. காட்டுங்க."