ஏரிப் பூதத்தின் மூக்குப் புகை

“ஏரியில மறுபடியும் பூதமாம்!” மனைவி பேப்பரைச் சத்தமாகப் படித்தாள். “இந்த வாரத்துல மூணாவது ஆள் பார்த்திருக்கான்.”

டாக்டர் சொன்னபடி சிகரெட்டை விடுவதாக மனைவியிடம் சத்தியம் செய்து, நீச்சலைப் பிடித்துக்கொண்ட தபால்காரர், தலையைத் துவட்டியபடி சொன்னார்: “வேலையத்தவன் கட்டுற கதை.”

“காலையில ஆறு மணிக்கு வருதாம். வழுவழுன்னு கறுப்பு மண்டையாம். மூக்கால புகை விடுதாம். நீங்களும் அந்நேரம் அங்கேதானே நீந்துறீங்க?”

“என் கண்ணுல படலையே.”

“எப்படிப் படும்?”

காயப்போட எடுத்த அவருடைய கறுப்பு நீச்சல் தொப்பியை அவள் உதறினாள். பாலிதீன் பையில் சுற்றிய தீப்பெட்டியும் இரண்டு சிகரெட்டும் தரையில் விழுந்தன.

“என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணது யாரு? நீங்களா, பூதமா?”

தபால்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“இனிமே பூதம் வராதுடி.”