இரண்டு புள்ளிகள்

ஆறாவது நட்டு விரலாலேயே திரும்பியது.

இன்ஜினீயர் தேவானந்தம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். மற்ற ஐந்தும் ஸ்பானருக்கே அசையவில்லை. புகை படிந்து கறுத்த இந்த ஒன்று மட்டும் தைல பாட்டில் மூடி போலச் சுற்றியது.

கேபிள் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சவுரிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த நட்டு சுற்றியது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெடித்த பெட்டி இது. தொழிற்சாலைக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கேபிள்கள் சேருகிற இடம். ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் இணைப்பு சூடேறும், சூடேறினால் நெருப்புதான். பக்கத்தில் நின்றவன் குப்புராஜ், சவுரிமுத்துவோடு ஜோடியாக வேலை செய்தவன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தாம்பரம் ரயில்வே கேட் திறப்பதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

இன்று விசாரணை. பட்டணத்து ஆபீஸிலிருந்து தேவானந்தம் வந்திருந்தார்.

கேன்டீன் சுவரோரம், இடுப்பில் பிள்ளையோடு, குப்புராஜின் மனைவி செல்லம்மா நின்றிருந்தாள். செத்தவன் மேல் தப்பில்லை என்றால் அவளுக்கு அந்தக் கேன்டீனிலேயே வேலை. இருக்கிற குவார்ட்டர்ஸிலும் இருந்துகொள்ளலாம். அவனுடைய கவனக்குறைவு என்று ஏற்பட்டால் இரண்டும் கிடையாது. கம்பெனி இதை நேற்றே சொல்லிவிட்டது.

தேவானந்தம் கைக்குட்டையால் நட்டைத் துடைத்தார். கரிக்கு அடியில், பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டிய இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"ரெண்டு புள்ளி யாரோட மார்க்?"

ஃபோர்மேன் சத்தியநாதன் தயங்கினார். "குப்புராஜோடது சார். சவுரிமுத்து சிலுவை போடுவான்."

"அப்போ இது அவன் டைட் பண்ண நட்டு" என்று தேவானந்தம் தலையசைத்தார். குமாஸ்தாவின் பேனா ஓடத் தொடங்கியது.

ஒரு வாக்கியம் சொன்னால் அந்தப் பேனா நின்றுவிடும். அதைச் சொல்ல வேண்டியவன் சவுரிமுத்து. சொன்னால் பதினோரு வருஷத்து வேலை போகும். போலீஸ்கூட வரும்.

அந்த அடையாளம் முடுக்கியவன் போடுவதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒருவன் முடுக்கியதை மற்றவன் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்ப்பான். அசையாவிட்டால் தன் அடையாளத்தைக் குத்துவான். சிலுவை இருந்தால் அது குப்புராஜ் முடுக்கியது. இரண்டு புள்ளி இருந்தால் சவுரிமுத்து முடுக்கியது.

அதாவது, முடுக்கியிருக்க வேண்டியது.

போன மாதம் இந்த நட்டைக் கையால் மட்டும் ஏற்றிவைத்திருந்தபோது, மோட்டார் தூக்க ஆள் போதவில்லை என்று அவனைக் கூப்பிட்டார்கள். போனான். திரும்பி வந்து பார்த்தபோது நட்டில் இரண்டு புள்ளி விழுந்திருந்தது. குப்புராஜ் குத்திவிட்டான் என்றால் நாம் முடுக்கியிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? மூடியைப் போட்டு மூடினான்.

குப்புராஜ் ஸ்பானர் போட்டுப் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தான். ஒருமுறை சவுரிமுத்து அதைக் கேட்டதற்குச் சிரித்தான்.

"நீ டைட் பண்ண நட்டுல நான் ஸ்பானர் வெச்சுப் பார்த்தா நல்லாவா கீது மச்சான்? அசிங்கமா இல்ல?"

அன்றைக்கு அது சவுரிமுத்துவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சார்!"

சொல்லியேவிட்டான்.

"அந்த நட்டு என்னுது சார். புள்ளி வெச்சவன் செக் பண்றவன் சார். டைட் பண்ண வேண்டியவன் நானு. நான்தான் வுட்டுட்டேன்."

பேனா நின்றது.

தேவானந்தம் ஃபோர்மேனைப் பார்த்தார். "அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"நான் கேள்விப்பட்டதில்லையே சார்." சத்தியநாதனின் குரல் கரகரத்தது. "ரெண்டு பேரும் ஒரே கேரியர்ல சாப்பிடறவங்க சார்."

தேவானந்தம் சவுரிமுத்துவை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருக்கக்கூடாதா என்று அவனுக்கு இருந்தது.

"உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா செத்துப்போன ஃப்ரெண்டுக்காக உன் லைஃபை ஏம்ப்பா கெடுத்துக்கறே? நீ இப்படிச் சொன்னதை நான் ரிப்போர்ட்ல எழுதல."

"மாதா மேல சத்தியம் சார்! நான்தான் சார்!"

"போதும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எலெக்ட்ரிக் ரயிலைப் பிடிக்கவேண்டும். போகிறபோது ஃபோர்மேனிடம் சொன்னார்: "இனிமே எல்லா ஜாயின்ட்டையும் இவனே செக் பண்ணட்டும். இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்."

எல்லோரும் போனார்கள். கேன்டீன் சுவரோரத்திலிருந்து செல்லம்மா வந்தாள். பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"செல்லம்மா, நெசமாவே நான்தாம்மா..."

"வுடுண்ணா." அவள் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். "அவருக்கோசரம் வேலையே போனாலும் போவட்டும்னு நின்னியே. கூடப் பொறந்தவன்கூட நிக்க மாட்டான்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கேபிள் பெட்டியைப் பார்த்தாள்.

"தெனம் சொல்வேண்ணா, ஜாக்கிரதையா வேலை செய்யி, ஜாக்கிரதையா வேலை செய்யின்னு. எங்க கேட்டாரு அந்த ஆளு? புள்ளையும் கையுமா என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டுப் பூட்டாரு."

நான்கு நாட்களாக அழுதுகொண்டிருந்தவள், அதற்கப்புறம் அழவில்லை.