துரையின் பைப்பு

“அடியே வீரம்மா, வளைவு எங்க? பைப்புல இருந்த வளைவு எங்கடி போச்சு?”

கஸ்பர் குதித்த குதியில் குசினி அலுமாரியில் இருந்த பீங்கான் தட்டுகள் கிடுகிடுத்தன.

வீரம்மாவின் கையில் கரண்டி. கரண்டியில் துரை புகை பிடிக்கிற பைப்பின் குழல், வாயில் வைக்கிற பகுதி. காலையில் அது கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தது. இப்போது பென்சில் மாதிரி நிமிர்ந்து கிடந்தது. கறுப்பாக இருக்க வேண்டியது சேற்று நிறத்தில் இருந்தது. கூமுட்டை நாற்றம் வேறு.

“நீங்கதானண்ணே சொன்னீங்க? தொரையோட பைப்பு மஞ்சப் பூத்துக் கெடக்கு, பளபளன்னு ஆக்கி வையின்னு?”

“பளபளன்னு ஆக்கச் சொன்னா அவிச்சு வைப்பியா? இது என்ன மரவள்ளிக் கெழங்கா?”

“பால் போத்தல அப்பிடித்தானண்ணே கழுவுறோம்…”

“அது கண்ணாடி! இது கட்டி ரப்பரு! சுடுதண்ணி பட்டா எளகிரும்!”

வீரம்மா தோட்டத்துத் துரையின் பங்களா வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சமையல்கார அப்பு கஸ்பர் சொல்வதுதான் அவளுக்குச் சட்டம். குசினியைத் தாண்டிப் பங்களாவுக்குள் இதுவரை போனதுகூட இல்லை.

“தொர பகல் சாப்பாட்டுக்கு வந்துருவாரு. இதப் பாத்தாருன்னா அம்புட்டுதான். ஒம் பேர வெட்டி, லயத்தக் காலி பண்ணுன்னுருவாரு.”

வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேலை போனால் தொலையட்டும். குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

“அழுது தொலைக்காத புள்ள! சூட்டுல நிமிந்தது சூட்டுல வளையாமயா போயிரும்? அடுப்ப ஊது!”

ஊதினாள். கண் சிவக்க ஊதினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

கஸ்பர் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குழலின் ஓட்டைக்குள் செருகினார்.

“ஐயையோ! தொர வாயில வைக்கிறதுல வெளக்குமாத்துக் குச்சியா?”

“வளைக்கிறப்ப ஓட்டை நசுங்கிட்டா பொகை எப்பிடி வரும்? ஒந் தலையிலயா வரும்? பெறகு கழுவிக்கலாம், தள்ளு!”

வெந்நீரில் முக்கி எடுத்தார். கை சுட்டது. ‘ஆ’ என்றார், ‘மாதாவே’ என்றார், ஆனால் விடவில்லை.

“எம்புட்டு வளைக்கணும்?”

“எனக்கென்னண்ணே தெரியும்?”

“ஹோல்ல தொர படம் தொங்குது. வாயில இதே பைப்பு. ஓடிப் போயி பாத்துட்டு வா!”

வீரம்மா ஓடினாள். பார்த்தாள். பார்த்த வளைவு மறந்துவிடக் கூடாதென்று சுட்டு விரலை அப்படியே மடக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“இம்புட்டு!”

“வெரல ஆட்டாத! இதென்ன தூண்டி முள்ளா? இப்பிடியா இருந்துச்சு?”

“ஓடி வந்ததுல கொஞ்சம் கூட மடங்கிருச்சுண்ணே!”

“திரும்ப ஓடு!”

திரும்ப ஓடினாள். இந்த முறை மடக்கிய விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். கஸ்பர் கட்டைவிரலால் அழுத்தினார். வளைந்தது! அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்கினார்.

“நின்னுருச்சுண்ணே! நின்னுருச்சு!”

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் நிறம். ஈரத் துணியில் பல்பொடியைத் தொட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் துணி மஞ்சளானது, குழல் கறுத்தது. கடைசியாகத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது.

“வெயில் பட்டா மறுபடி பூத்துரும்” என்று கஸ்பர் அதைத் தன் லேஞ்சித் துணியில் சுற்றி அலுமாரிக்குள் ஆழமாக வைத்தார்.

“அண்ணே, தொர வந்ததும் நானே உள்ளதச் சொல்லிர்றேன். ஒளிச்சா மனசு உறுத்தும்.”

கஸ்பரின் முகம் வெளிறியது.

“பைத்தியமா ஒனக்கு? தொரகிட்ட மூச்சு விடாத! எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

வீரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாய்தான் முரடு. மனுஷன் தங்கம். சுட்ட விரலை இன்னும் ஊதிக்கொண்டு நிற்கிறார், பாவம்.

“எங்கிட்ட குடுக்க என்னண்ணே இருக்கு? முட்டை போடுற கோழி ஒண்ணுதான் இருக்கு…”

“சேச்சே! கோழியெல்லாம் எதுக்கு?” கஸ்பர் கொஞ்சம் யோசித்தார். “தெனமும் போடுமா?”

வீரம்மா லயத்துக்குப் பறந்தாள். சளியில் இழுக்கிற பிள்ளைக்கு அந்தக் கோழியின் முட்டைதான் தெம்பு. பரவாயில்லை, காம்பிரா தப்பியதே!

கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பங்களா மேட்டில் ஏறும்போது, படபடவென்று ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

துரை!

கோழி மிரண்டு கத்தியது.

“கோழி யாருக்கு?” வெள்ளைக்காரத் தமிழில் கேட்டார்.

அவளுக்குப் பொய் வரவில்லை. கடகடவென்று கொட்டிவிட்டாள்.

“கஸ்பர் அண்ணனுக்குங்க தொர! ஒங்க பைப்ப நான்தாங்க சுடுதண்ணியில போட்டுக் கெடுத்துட்டேன். அவருதாங்க கையச் சுட்டுக்கிட்டுச் சரி பண்ணாரு. எம் பேர வெட்டிராதீங்க தொர!”

துரை வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்தார். புத்தம் புதுசு. கரேலென்று மினுங்கியது.

“என் பைப் இதுதானே?” துரை விழித்தார். “ஓ, அந்தப் பழசா? அது வாயில வச்சா ஒரே கசப்பு. அடுப்புல போடுன்னு போன மாசமே கஸ்பருக்குச் சொன்னது. அவன் போடல?”